வாசகர் கேள்வி – பதில்: ஒரே வழி, இரண்டு கட்டணம்

கேள்வி: திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குப் படிக்க வந்து ஒரு மாதம் ஆகிறது. கிளமெண்டியில் ரயில் ஏறி, பூன் லேயில் இறங்கி, 179ஆம் எண் பேருந்தில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறேன். தினமும் அதே வழிதான். ஆனால் கட்டணம் மட்டும் சில நாள் கூடிவிடுகிறது. எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: பேருந்திலிருந்து இறங்கும்போது, கட்டணம் செலுத்தும் அட்டையைக் கருவியில் தட்ட மறந்திருப்பீர்கள். ஊரில் ஏறியதும் சீட்டு வாங்கினால் கணக்கு தீர்ந்தது. இங்கே நடத்துநர் இல்லை, கட்டணம் தூரத்துக்குத்தான். எங்கே இறங்கினீர்கள் என்பது, கதவருகே உள்ள கருவியில் மறுபடி தட்டினால்தான் தெரியும். தட்டாவிட்டால் கடைசி நிறுத்தம்வரை போனதாக வைத்துப் பிடித்துவிடும். கூட்டத்தோடு கூட்டமாகக் கையை நீட்டிவிட்டு இறங்காதீர்கள். 'பீப்' சத்தம் கேட்டதா என்று கவனியுங்கள். பர்ஸோடு சேர்த்துத் தட்டினால், உள்ளே இரண்டு வங்கி அட்டைகள் இருக்கும்போது ஏறுகையில் ஒன்றும் இறங்குகையில் மற்றதும் பதிவாகிவிடக்கூடும். அட்டையை வெளியே எடுத்துத் தட்டுவதே நல்லது.

இதிலேயே இன்னொரு சிக்கல் பலருக்கும் புரிவதில்லை. அட்டையைத் தட்டி ஏறிவிட்டு, கைபேசியைத் தட்டி இறங்குவார்கள். இரண்டும் ஒரே வங்கிக் கணக்குதானே என்று தோன்றும். கருவிக்கு அவை இரண்டு வெவ்வேறு அட்டைகள். எதைத் தட்டி ஏறினீர்களோ அதையே பயணம் முடியும்வரை தட்டுங்கள்.

ரயிலிலிருந்து பேருந்துக்கு மாறும்போதும் கவனம் வேண்டும். நிலையத்தைவிட்டு வெளியே வந்து 45 நிமிடத்துக்குள் பேருந்தில் ஏறினால் இரண்டும் ஒரே பயணமாகச் சேரும். கூடுதல் தூரத்துக்கு மட்டும் காசு. இப்படி 2 மணி நேரத்துக்குள் 5 முறை மாறலாம். பூன் லே கடைத்தொகுதியில் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் கழித்து ஏறினால் புதுப் பயணம், புதுக் கட்டணம். 179இல் இறங்கி மறுபடியும் 179இலேயே ஏறினாலும் சேராது. சிம்பிளிகோ செயலியில் அட்டையைப் பதிந்துவைத்தால் ஒவ்வொரு பயணத்துக்கும் எவ்வளவு பிடித்தார்கள் என்று தெரியும். எந்த நாள் தவறியது என்பதை அதில் பாருங்கள்.

கேள்வி: இந்திய வங்கி அட்டையையே தட்டிக்கொண்டிருக்கலாமா? மாணவர் சலுகை எனக்கும் உண்டா?

பதில்: வெளிநாட்டு வங்கி அட்டைக்குப் பயணக் கட்டணம் போக நிர்வாகக் கட்டணமும் சேரும். ஓரிரு நாளுக்குப் பரவாயில்லை, படிப்பு முடியும்வரை வேண்டாம். முன்கூட்டியே பணம் போட்டுவைக்கும் ஈசி-லிங்க் பயண அட்டை வாங்கிவிடுங்கள். ரயிலில் ஏற அதில் குறைந்தது 3 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருக்க வேண்டும். அரசாங்கப் பல்கலைக்கழகங்களிலும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் (பாலிடெக்னிக்) இளநிலைப் பட்டமோ பட்டயமோ முழுநேரம் படிப்பவர்களுக்கு, வெளிநாட்டவரானாலும், சலுகை அட்டை உண்டு. தனியார் கல்லூரிகள் பலவற்றுக்கு இது பொருந்தாது. சேரும் முன்பே கல்லூரியில் கேட்டுக்கொள்ளுங்கள், மாதச் செலவில் பெரிய வித்தியாசம். யாராக இருந்தாலும் வார நாள்களில் காலை 7.45க்கு முன் ரயில் நிலையத்துக்குள் தட்டி நுழைந்தால் 50 காசுவரை குறையும்.

கேள்வி: நிறுத்தத்தில்தான் நிற்கிறேன், பேருந்து நிற்காமல் போய்விடுகிறது!

பதில்: கையை நீட்டுங்கள். ஒரே நிறுத்தத்துக்குப் பல எண்கள் வருவதால், யாருக்கு எது வேண்டும் என்று ஓட்டுநருக்குத் தெரியாது. இறங்குவதற்கும் முன்கூட்டியே மணியை அழுத்த வேண்டும். நிறுத்தத்தின் பலகையில் ஐந்து இலக்க எண் இருக்கும். பேருந்து வரும் நேரத்தைக் காட்டும் செயலியில் அதைப் போட்டால் வண்டி எத்தனை நிமிடத்தில் வரும் என்று காட்டும்: பச்சை என்றால் உட்கார இடம் உண்டு, மஞ்சள் என்றால் நிற்க வேண்டும், சிவப்பு என்றால் நிற்கவும் இடம் குறைவு. எதிர்ப்பக்க நிறுத்தத்தின் பெயர் ஏறக்குறைய இதேதான், முன்னால் 'ஆப்' (Opp, அதாவது 'எதிரே') என்று மட்டும் சேர்ந்திருக்கும். அந்த ஒரு சொல்லைக் கவனிக்காமல் எதிர்த்திசையில் போய்விடுகிறவர்கள் நிறையப் பேர். பெயரை விட்டு எண்ணைப் பாருங்கள்.

கேள்வி: ரயிலில் தண்ணீர் குடிக்கலாமா?

பதில்: கூடாது. சாப்பிட்டாலும் குடித்தாலும் 500 வெள்ளிவரை அபராதம். மூடிய சாப்பாட்டு டப்பாவும் தண்ணீர்ப் புட்டியும் பையில் இருக்கலாம்.