கோலமாகிவிடும் கிறுக்கல்

அன்புள்ள ஐயா,

மனத்தின் பிடி கொஞ்சம் தளர வேண்டுமானால் இஷ்டத்துக்குக் கிறுக்குங்கள் என்று எழுதியிருந்தீர்கள். உயர்ந்த தாளில் ஒரு நோட்டுப் புத்தகமும் மைப் பேனாவும் வாங்கி, தினமும் காலையில் அரை மணி நேரம் உட்கார்கிறேன். மூன்றாவது நிமிடமே கை புள்ளி வைக்க ஆரம்பித்துவிடுகிறது. பக்கம் முழுக்கச் சிக்குக் கோலம்! எழுத வேண்டிய கதையோ நின்ற இடத்திலேயே நிற்கிறது. எங்கே தவறுகிறேன்?

ச., ஆர்.கே.புரம், புது தில்லி

அன்புள்ள ச.,

கையைக் குறை சொல்லாதீர்கள். சிக்குக் கோலத்தில் புள்ளி வைத்த உடனேயே முடிவும் தெரிந்துவிடுகிறது. இழை எங்கே சுற்றினாலும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பியாக வேண்டும். ஒரு வளைவு தப்பினால் அழித்துவிட்டு மறுபடி போடுவோம். சிறு வயதிலிருந்து அப்படிப் பழகிய கை அது.

எனக்குச் சந்தேகம் அந்த நோட்டுப் புத்தகத்தின் மேல்தான். கிறுக்குவதற்கு நேரம் குறித்து உட்காருவது, தும்முவதற்கு நாள் பார்ப்பது போல. நல்ல தாளைக் கண்டால் யாருடைய கையும் அடங்கி ஒடுங்கித்தான் நடந்துகொள்ளும்.

தாகூர் தம் கிறுக்கலை வெற்றுத்தாளில் ஆரம்பிக்கவில்லை. கவிதையில் வேண்டாமென்று அடித்த சொற்களைச் சும்மா விட மனமில்லாமல், ஓர் அடித்தலை இன்னொன்றோடு கோட்டால் இணைத்துக்கொண்டே போவார். வரிகளுக்கு நடுவில் அலகும் வாலுமாக, எந்தக் காட்டிலும் இல்லாத பிராணி ஒன்று எழுந்து நிற்கும். 1924-இல் அர்ஜென்டினாவில் எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போவின் விருந்தினராகத் தாகூர் தங்கியிருந்தபோது, ‘பூரபி’ கவிதைகளின் கையெழுத்துப் பிரதியில் ஒகாம்போவின் கண்ணில் பட்டவை இவைதான். தாகூருக்கு அப்போது 63 வயது. 1930-இல் பாரீஸில் அவருடைய ஓவியக் கண்காட்சியே நடந்தது; அதற்கு உதவியவரும் ஒகாம்போதான். இந்தியா கேட் பக்கத்தில் ஜெய்ப்பூர் ஹவுஸ் கலைக்கூடத்தின் சேகரிப்பில் தாகூரின் ஓவியங்கள் இருக்கின்றன.

என் கதை ஒன்றில் வரும் கிழவி, டெலிபோன் பில்லின் பின்பக்கத்தில் பிறந்தவள். ஊரிலிருந்து அத்தை போனில் கல்யாண மண்டப வாடகையை விவரித்துக்கொண்டிருந்தார். நான் ‘ம்’ கொட்டியபடி, பில்லில் டீ டம்ளர் பதித்திருந்த வட்டக் கறையைப் பேனாவால் சுற்றிக்கொண்டிருந்தேன். வட்டத்துக்குக் காது முளைத்தது. காதில் பாம்படம் தொங்கியது. அத்தை போனை வைத்தபோது, வாயில் புகையிலை அடக்கிய ஒருத்தி என்னை முறைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் பணம் கட்டப் போனால், கவுன்டரில் இருந்தவர் பில்லைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “உங்கள் மாமியாரா?” என்று இந்தியில் கேட்டார்.

ஆகவே, நின்றுபோன கதையைக் கையால் ஒரு பக்கம் எழுதுங்கள். பிடிக்காத சொற்களைத் தாராளமாக அடியுங்கள். அக்கா தங்கை யாராவது போனில் பிடித்துக்கொள்ளும் நேரத்தில் அந்தப் பக்கத்தை எடுத்து, அடித்தல்களை இணைத்துக்கொண்டே பேசுங்கள். கை மறுபடி புள்ளி வைத்தால் வைக்கட்டும். ஒரு புள்ளியை மட்டும் சுற்றாமல் விட்டுவிடுங்கள்.

அந்த நோட்டுப் புத்தகத்தில் பால் கணக்கு எழுதிக்கொள்ளலாம்.