அழுகிற குழந்தைக்குப் பாட்டு போடலாமா?

கேள்வி: என் பையனுக்கு ஏழு வாரம் ஆகிறது. தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். பகலெல்லாம் நன்றாக இருக்கிறான், சாயங்காலம் ஆறு மணி ஆனால் அழ ஆரம்பித்து ஒன்பது வரை விடுவதில்லை. யூடியூபில் தாலாட்டு போட்டு போனைத் தலையணைப் பக்கத்தில் வைக்கிறேன். சில நாள் அடங்குகிறான், சில நாள் இன்னும் அதிகமாக அழுகிறான். மழைச் சத்தம் வருகிற ஆப் போடச் சொல்கிறாள் தங்கை. காது கெட்டுவிடும் என்கிறார் மாமியார். எனக்குப் பாடவும் வராது. என்ன செய்வது?
- ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: இந்த வயதில் சாயங்கால அழுகை மிகவும் சகஜம். பிறந்து இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கி, ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாகவே குறைந்துவிடும். பால் பத்தவில்லையோ, யாராவது கண் வைத்துவிட்டார்களோ என்றெல்லாம் வீட்டில் பேச்சு வந்திருக்கும். எடை ஏறுகிறது, ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போகிறான் என்றால் பால் பத்துகிறது என்றுதான் அர்த்தம். உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை.

சரி, பாட்டு. தாராளமாகப் போடலாம், ஆனால் நீங்களே பாடினால் இன்னும் நல்லது. பாட வராது என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்காகத் தயங்கவே வேண்டாம். ஆறாவது மாதத்திலிருந்தே வயிற்றுக்குள் உங்கள் குரலைக் கேட்டு வளர்ந்தவன் அவன், பிறந்த சில நாளிலேயே குழந்தைகள் அம்மா குரலை அடையாளம் கண்டு அதைத்தான் விரும்புகின்றன, சுருதி சேர்ந்ததா என்று அவன் பார்க்கப் போவதில்லை. 2015-ல் மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தில், ஆறிலிருந்து ஒன்பது மாதக் குழந்தைகளுக்குத் தெரியாத மொழியான துருக்கியில் பேச்சையும் பாட்டையும் பதிவு செய்து போட்டுக் காட்டினார்கள். பேச்சு கேட்ட குழந்தைகள் சுமார் நான்கு நிமிடத்தில் சிணுங்க ஆரம்பித்தன, பாட்டு கேட்டவை சுமார் ஒன்பது நிமிடம் அமைதியாக இருந்தன. அது பதிவு செய்த பாட்டுதான், அதனால் போன் பாட்டே வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் போன் அவனைத் தூக்காது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பாடும்போது உங்கள் மார்பின் அதிர்வு, சூடு, வாசனை, நடையின் ஆட்டம் எல்லாம் சேர்ந்து போகிறது, அவன் முகம் மாறியதும் நீங்களும் வேகத்தை மாற்றுவீர்கள்.

நம் தாலாட்டு இதற்கென்றே அமைந்தது. ஆராரோ ஆரிரரோ என்று நீட்டி இழுக்கிற ஒரே வரி, மெதுவான தாளம், திரும்பத் திரும்ப. நீலாம்பரி ராகத்தைத் தாலாட்டுக்கு உகந்ததாக வைத்திருக்கிறார்கள், ஆனால் அதில்தான் பாட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அப்பா வீட்டுக்கு வந்ததும் அவரும் தூக்கிக்கொண்டு பாடட்டும், சினிமாப் பாட்டோ கானாவோ, வேகத்தைக் குறைத்தால் போதும். உச்சத்தில் கதறும்போது மெல்லிய தாலாட்டு அவன் காதிலேயே விழாது. முதலில் கொஞ்சம் எடுப்பாக ஆரம்பித்து, அவன் கவனம் திரும்பியதும் குரலையும் வேகத்தையும் இறக்குங்கள். தினமும் ஒரே பாட்டு என்றால் சில வாரத்தில் அந்தப் பாட்டே தூங்கும் நேரத்தை அவனுக்குச் சொல்லும்.

தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள். ஜப்பானில் 2022-ல் வெளியான ஆய்வில், அழுகிற குழந்தையை ஐந்து நிமிடம் நிற்காமல் தூக்கி நடந்து, தூங்கியதும் உடனே கீழே விடாமல் மடியிலேயே ஐந்திலிருந்து எட்டு நிமிடம் வைத்திருந்து படுக்கவைத்தால் விழிப்பது குறைகிறது என்று கண்டார்கள். அப்புறம் மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். தலையணையே முதல் வருடம் வேண்டாம்.

சில நாள் ஏன் அதிகமாக அழுகிறான்? பசியோ ஈரத் துணியோ ஏப்பம் வராத வயிறோ இருந்தால் எந்தப் பாட்டாலும் ஆகாது, அவற்றை முதலில் பாருங்கள். சென்னைப் புழுக்கத்தில் முழுக்கைச் சட்டை, குல்லா, சாக்ஸ் எல்லாம் போட்டு வைத்திருந்தால் கழற்றுங்கள். கால் விரலைச் சுற்றி உங்கள் தலைமுடி இறுகியிருக்கிறதா என்றும் ஒரு தடவை பாருங்கள், பிரசவத்துக்குப் பிறகு முடி கொட்டும் காலத்தில் இது நடப்பதுண்டு. இதையெல்லாம்விட நான் கவலைப்படுவது, ஆறிலிருந்து ஒன்பது வரை வீட்டில் இருக்கிற சத்தம். டிவியில் சீரியல், மிக்ஸி, குக்கர் விசில், வந்து போகிறவர்கள் பேச்சு, அதற்கு மேல் போனில் பாட்டு என்றால் ஏழு வாரக் குழந்தையால் தாங்க முடியாது. முகத்தைத் திருப்பிக்கொள்கிறான், முதுகை வில்லாக வளைக்கிறான் என்றால் பாட்டையும் நிறுத்திவிட்டு, விளக்கைக் குறைத்து, பேசாமல் தூக்கி வைத்திருங்கள்.

காது விஷயத்தில் மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2014-ல் டொரண்டோவில், குழந்தைகளைத் தூங்க வைக்க விற்கிற 14 ஒலிக் கருவிகளைச் சோதித்தார்கள். முழுச் சத்தத்தில், ஒரு அடி தூரத்தில், எல்லாமே மருத்துவமனைக் குழந்தைகள் அறைக்குச் சொல்லப்படுகிற 50 டெசிபல் அளவைத் தாண்டின, மூன்று கருவிகள் 85-ஐயும் தாண்டின. மழைச் சத்தம் போடுவதானால் போன் ஏழு அடிக்கு அப்பால் இருக்கட்டும், சத்தத்தை நன்றாகக் குறைத்து, அவன் தூங்கியதும் அணைத்துவிடுங்கள், ராத்திரி முழுக்க ஓட வேண்டாம். திரை அவன் கண்ணில் படவே கூடாது. கிரைப் வாட்டர், வசம்பு, சாம்பிராணிப் புகை எதுவும் வேண்டாம்.

எல்லாம் செய்தும் அழுகிறான், உங்களுக்குக் கையெல்லாம் நடுங்குகிறது, கோபம் வருகிறது என்றால் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு ஐந்து நிமிடம் பால்கனியில் போய் நில்லுங்கள், இல்லை மாமியாரிடம் கொடுத்துவிடுங்கள். எந்தக் காரணத்துக்கும் குழந்தையைப் போட்டு உலுக்கக் கூடாது, மூளைக்குள் ரத்தம் கசியும். உங்களுக்கே நாள் முழுக்க அழுகை வருகிறது, எதிலும் பிடிப்பில்லை என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், அதற்குச் சிகிச்சை இருக்கிறது.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், பால் குடிக்க மறுத்தால், பச்சையாக வாந்தி எடுத்தால், மலத்தில் ரத்தம் வந்தால், உச்சிக்குழி புடைத்தால், அழுகை கீச்சென்று வேறு மாதிரி ஒலித்தால், துவண்டு கிடந்தால், பாடிப் பார்த்துக்கொண்டு இருக்காமல் அந்த நேரமே கிளம்புங்கள். எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான், ராத்திரியானாலும் போகலாம், வண்டி கிடைக்கவில்லை என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.