எடை இறங்கவில்லை என்று நிறுத்திவிடலாமா? வளரும் பிள்ளைகளின் உடல் பருமன்: கேள்வி-பதில்

என் மகனுக்கு 14 வயது, 78 கிலோ. மூன்று மாதமாக தினமும் நீச்சல், சாயங்காலம் பேட்மிண்டன். வாராவாரம் எடை பார்க்கிறோம், அரை கிலோகூட இறங்கவில்லை. ‘சும்மாதானேம்மா போறேன்’ என்று சலித்துக்கொள்கிறான். நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டியது வாராவாரம் எடை பார்ப்பதைத்தான் அம்மா. உயரம் அளந்தீர்களா? கடிதத்தில் அதைக் காணோம். பையன்கள் மளமளவென்று வளரும் வயது இது. 160 செ.மீ. இருந்தவன் 162 ஆகியிருந்தால், அதே 78 கிலோவிலேயே அவன் பிஎம்ஐ (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 30.5-லிருந்து 29.7-க்கு வந்திருக்கும். எடை மெஷினுக்கு இது தெரியாது.

உடற்பயிற்சியில் முதலில் மாறுவது எடை அல்ல. வேலை செய்யும் தசை இன்சுலினுக்குக் காத்திராமல் ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ஆடி முடித்து வீட்டுக்கு வந்த பிறகும் ஓரிரு நாள் வரை அந்தத் தசை இன்சுலினுக்கு நன்றாகக் கட்டுப்படும். அதனால்தான் ‘சேர்ந்தாற்போல் இரண்டு நாள் விடாதே’ என்று பிள்ளைகளிடம் சொல்கிறேன். கல்லீரலில் படிந்த கொழுப்புகூட, எடை பெரிதாக இறங்காமலே கொஞ்சம் கரையும்.

வேறு எதைப் பார்ப்பது? முதல் வாரம் குளத்தின் ஒரு நீளம் போனதும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியிருப்பான். இப்போது நிற்காமல் எத்தனை நீளம் போகிறான் என்று எண்ணுங்கள். மாதம் ஒருமுறை டேப்பால் வயிற்றுச் சுற்றளவு எடுங்கள், எக்கிக்கொள்ள விடாமல். அது உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும், 162 செ.மீ. பையனுக்கு 81.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீச்சல் முடிந்து வெளியே வந்ததும் என்ன வாங்கித் தருகிறீர்கள்? நான் இதைக் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், பப்ஸும் ரோஸ்மில்க்கும்.

மகளுக்கு 16 வயது. கழுத்தைச் சுற்றிக் கறுப்பாக இருக்கிறது. கடலைமாவு, எலுமிச்சை எல்லாம் தேய்த்தும் போகவில்லை. குண்டாக இருப்பதால் வியர்வை அழுக்கு சேர்கிறதா?

அழுக்கு இல்லை. தேய்ப்பதை இன்றோடு விடுங்கள். தோல் புண்ணாகும், கறுப்பும் கூடும். உடல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாதபோது கணையம் அதை அதிகமாகச் சுரந்து தள்ளும். அந்த மிகை இன்சுலின் தோலைத் தூண்டித் தடிக்க வைப்பதால் கழுத்து, அக்குள், விரல் முட்டி எல்லாம் வெல்வெட் துணிபோல் கறுக்கும். ‘நன்றாகத் தேய்த்துக் குளி’ என்று வருஷக்கணக்கில் திட்டு வாங்கிய பெண்கள் வந்து உட்காரும்போது எனக்கே சங்கடமாக இருக்கும்.

வெறும் வயிற்றில் சர்க்கரை, ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் சோதனை), கொழுப்பு, கல்லீரலுக்கான ஏஎல்டி, இவற்றோடு ரத்த அழுத்தமும் பாருங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 முதல் 125 வரை, அல்லது ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. வந்தால் பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இன்சுலின் அளவு இறங்க இறங்கக் கழுத்தும் வெளுக்கும், மாதக்கணக்கில் ஆகும்.

கல்லூரி மாணவன், 98 கிலோ. என் ஸ்மார்ட் வாட்ச் விஓ2 மேக்ஸ் 31 என்று காட்டி ‘மோசம்’ என்கிறது. 70 கிலோ நண்பனுக்கு 43. என் இதயம் பலவீனமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம் தம்பி. உச்ச உழைப்பில் உடம்பு நிமிஷத்துக்கு எத்தனை மில்லி ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்பதை எடையால் வகுத்து வருவதுதான் இந்த எண். 31-ஐ 98-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 3 லிட்டர். நண்பனுடைய 43-ஐ 70-ஆல் பெருக்கினாலும் அதே 3 லிட்டர்தான். ஆக, இரண்டு பேர் இதயமும் நுரையீரலும் கிட்டத்தட்ட ஒரே வேலையைத்தான் செய்கின்றன. உங்களுடையது கூடுதலாக 28 கிலோவையும் சுமந்துகொண்டு மாடி ஏறுகிறது. பருமனான இளைஞர்களிடம் இதை அடிக்கடி பார்க்கலாம். வாட்ச் காட்டுவதும் துடிப்பை வைத்துப் போடும் உத்தேசக் கணக்கே.

அதற்காக எண்ணைத் தூக்கி எறிய வேண்டாம். அடுத்தவனோடு ஒப்பிடாமல், மூன்று மாதம் முந்தைய உங்கள் எண்ணோடு ஒப்பிடுங்கள். வேகமாக நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அந்த வேகத்தில் தொடங்குங்கள். நடுவில் நெஞ்சு வலித்தாலோ மயக்கம் வந்தாலோ வாட்சைப் பார்க்காமல் டாக்டரைப் பாருங்கள்.

டியூஷன் முடிந்து பிள்ளை வர எட்டரை மணி ஆகிறது. ஒரு மணி நேரம் விளையாட எங்கே நேரம்?

உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரை தினம் சராசரியாக 60 நிமிடம் என்கிறது; ஒரே மூச்சில் என்று சொல்லவில்லை. டியூஷனுக்கு சைக்கிளில் போய்வந்தால் அரை மணி தேறும். மீதியை பி.டி. பீரியடில் எடுக்கலாம். அந்தப் பீரியடை எந்தப் பாட வாத்தியார் பிடுங்கிக்கொள்கிறார் என்பது பள்ளிக்கூடத்தில் கேட்க வேண்டியது.

12 வயது மகன், நல்ல பருமன். மூன்று வாரமாக முழங்கால் வலி என்று தாங்கித் தாங்கி நடக்கிறான். முழங்கால் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. எடை குறைந்தால் சரியாகும் என்று ஓடச் சொல்கிறேன்.

ஓட வேண்டாம். நடக்கவும் விடாதீர்கள். இந்த வயதில், இந்த உடம்பில், நொண்டலோடு முழங்கால் வலி என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இடுப்பு மூட்டை. தொடை எலும்பின் உருண்டைத் தலை, வளர்ச்சித் தட்டிலிருந்து (எலும்பு நீண்டு வளரும் குருத்தெலும்பு அடுக்கு) நழுவியிருக்கலாம். கோளாறு இடுப்பில், வலி முழங்காலில். அந்தக் கால் பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருக்கிறதா பாருங்கள். முழுக்க நழுவினால் எலும்புத் தலைக்கு ரத்த ஓட்டமே நின்றுபோகக்கூடும். அதற்கு முன் பிடித்துவிட்டால் ஒரு ஸ்க்ரூ போட்டு நிறுத்திவிடலாம். இன்றைக்கே எலும்பு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். இரண்டு இடுப்புக்கும், நேராகவும் தொடையை விரித்தும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.