நாள்பட்ட வலிக்குச் சீன மூச்சுப் பயிற்சி: கேள்விகளும் பதில்களும்

சீகுங் என்னும் சீன மூச்சுப் பயிற்சி தங்கள் வலிக்கு உதவுமா என்று கேட்டவர்களுக்கு, இயன்முறை மருத்துவம் செய்துவரும் என் பதில்கள் இவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

ஆறு வருடமாக இடுப்பு வலி. டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று ஸ்கேனில் வந்தது. மூச்சுப் பயிற்சி செய்தால் டிஸ்க் உள்ளே போய்விடுமா? (ஈரோடு)

போகாது. அப்படிச் சொல்லி வகுப்பில் சேர்ப்பவர் யாராவது வந்தால் பணப்பையை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உங்கள் வலிக்கு அந்த டிஸ்க்தான் முழுக் காரணமா? வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2015இல் ஒரு கட்டுரை வந்தது. இருபது வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும், எண்பது வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. ஆனால் அவர்களுக்கு வலி இல்லை. மூன்று மாதத்தைத் தாண்டிய வலியை நாள்பட்ட வலி என்கிறோம். அந்தக் கட்டத்தில் நரம்பு மண்டலம் ஓயாத உஷார் நிலைக்குப் போய்விடக்கூடும்; சாதாரண அசைவைக்கூட ஆபத்து என்று எடுத்துக்கொள்ளும். தசை இறுகும், தூக்கம் கெடும், அதனால் வலி இன்னும் கூடும். மெதுவான மூச்சு வேலை செய்வது இந்த உஷாரின் மீதுதான். நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது வரை ஓடும் மூச்சு ஆறேழாகக் குறையும்போது உடலை அமைதிப்படுத்தும் வேகஸ் நரம்பின் ஆதிக்கம் கூடுகிறது, நாடி தணிகிறது, தோளும் தாடையும் இளகுகின்றன. டிஸ்க் இருந்த இடத்திலேயே இருக்கும். அதைச் சுற்றிய கூச்சல் குறையலாம்.

ஐயாயிரம் ஆண்டுப் பழமையான கலை என்கிறார்களே? (மதுரை)

ஐயாயிரத்துக்குச் சான்று இல்லை. சீனாவின் சாங்ஷா நகருக்கு அருகே மாவாங்துயில் 1973இல் தோண்டிய கல்லறை ஒன்றில் பட்டுத்துணி ஓவியம் கிடைத்தது. கல்லறை கி.மு. 168ஐச் சேர்ந்தது. ஓவியத்தில் 44 பேர் வளைந்தும் நீண்டும் உடற்பயிற்சி செய்கிறார்கள். சில உருவங்களுக்குப் பக்கத்தில் எந்த நோய்க்கு அது என்றும் எழுதியிருக்கிறது. அந்த அளவுக்குப் பழமை உறுதி.

இன்று மருத்துவமனைகளில் சொல்லித் தரும் வடிவம் மிகப் புதியது. வயிற்றுப் புண்ணால் அவதிப்பட்ட லியூ குய்ஜென் என்ற கம்யூனிஸ்ட் கட்சி ஊழியர் 1940களில் ஒரு கிராமத்து முறையைக் கற்றுக் குணமடைந்தார். 1950களில் தாங்ஷானிலும் பெய்தாய்ஹவிலும் அதற்கென்றே சுகவாச நிலையங்கள் எழுந்தன. 'சீகுங்' என்ற பொதுப்பெயர் பரவியதும் அப்போதுதான். பழமையை வைத்து எதையும் நம்பவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம்.

எனக்கு எந்த வகுப்பும் அருகில் இல்லை. வீட்டிலேயே செய்ய ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். (நாகர்கோவில், திருவண்ணாமலை, இன்னும் பலர்)

என்னைக் கேட்டால், வலிக்காரர்கள் முதலில் தொட வேண்டியது 'மூன்று கோட்டுத் தளர்வு' என்ற முறை. 1950களில் ஷாங்காய் சீகுங் நிலையத்தில் உருவானது. கை கால் ஆட்ட வேண்டாம், மூச்சை அடக்க வேண்டாம்.

மல்லாந்து படுங்கள், அல்லது முதுகு சாய நாற்காலியில் உட்காருங்கள். உடலில் மேலிருந்து கீழே மூன்று பாதைகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதல் பாதை பக்கவாட்டில்: தலையின் இரு பக்கம், கழுத்தின் பக்கம், தோள், மேற்கை, முழங்கை, முன்கை, மணிக்கட்டு, விரல்கள். இரண்டாவது முன்பக்கம்: முகம், தொண்டை, மார்பு, வயிறு, தொடை, முழங்கால், கெண்டைக்காலின் முன்புறம், பாதம், கால்விரல். மூன்றாவது பின்பக்கம்: பின்தலை, பிடரி, முதுகு, இடுப்பு, தொடையின் பின்புறம், முழங்காலின் உட்குழி, ஆடுசதை, குதிகால், உள்ளங்கால்.

மூச்சை இழுக்கும்போது ஓர் இடத்தை நினையுங்கள். விடும்போது மனத்துக்குள் 'தளர்க' என்று சொல்லுங்கள். அடுத்த மூச்சில் அடுத்த இடம். முதல் பாதை முடிந்ததும் நடுவிரலில் ஓரிரு நிமிடம் கவனத்தை வையுங்கள். இரண்டாவது முடிந்ததும் கால் பெருவிரலில். மூன்றாவது முடிந்ததும் உள்ளங்காலின் நடுவில். கடைசியில் தொப்புளுக்குக் கீழே அடிவயிற்றில் மூன்று நான்கு நிமிடம் இருங்கள். சீனர்கள் தான்தியன் என்பது இந்த இடத்தைத்தான்.

ஒரு சுற்று சுமார் பதினைந்து நிமிடம் ஆகும். தளரவில்லையே என்று ஓர் இடத்தில் நின்று மல்லுக்கட்டாதீர்கள். தளர்ந்தாலும் தளராவிட்டாலும் அடுத்த இடத்துக்குப் போய்விட வேண்டும்.

வலிக்கிற இடத்துக்கு வந்ததும் வலி கூடுகிறது. (சேலம்)

பலருக்கும் நடக்கும். அந்த இடத்தைத் தாண்டிப் போங்கள். இடது முழங்கால் வலித்தால் வலது முழங்காலை மட்டும் நினையுங்கள், அல்லது நேரே பாதத்துக்கு இறங்கிவிடுங்கள். சில வாரங்களில் அங்கும் நிற்க முடியும்.

எனக்கு ஃபைப்ரோமயால்ஜியா. உடம்பெல்லாம் வலி, ஆனால் எல்லாப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது என்கிறார்கள். வீட்டில் நடிக்கிறேன் என்று நினைக்கிறார்கள். இதற்கு ஏதாவது ஆதாரம் உண்டா? (சிங்கப்பூர் வாசகி)

நீங்கள் நடிக்கவில்லை அம்மா. இந்த நோய் இரத்தப் பரிசோதனையில் தெரியாது, அவ்வளவுதான்.

சீகுங் ஆய்வுகளில் ஓரளவு நல்ல செய்தி உங்கள் நோய்க்குத்தான் இருக்கிறது. 2012இல் கனடாவில் நூறு நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. எட்டு வாரம், நாளுக்கு 45 நிமிடப் பயிற்சி. வலி, தூக்கம், அன்றாட இயக்கம் எல்லாவற்றிலும் முன்னேற்றம். ஆறு மாதம் வரை பெரும்பாலும் நிலைத்தது. சொன்னபடி செய்தவர்களுக்குப் பலன் அதிகம், ஏனோதானோ என்று செய்தவர்களுக்குக் குறைவு. இதில் ஒரு குறை உண்டு. ஒப்பிட்டது காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களோடு; எந்த அக்கறை கிடைத்தாலும் சும்மா காத்திருப்பதைவிட நன்றாகத்தான் இருக்கும். அதைவிட வலுவான ஆய்வு, சீகுங்கின் நெருங்கிய உறவான தாய்ச்சியில் உண்டு. 2018இல் 226 பேரிடம், ஏரோபிக் உடற்பயிற்சியோடு நேரடியாக ஒப்பிட்டார்கள். தாய்ச்சி அதற்கு நிகராகவோ மேலாகவோ இருந்தது. நாற்பத்தைந்து நிமிடம் மலைப்பாக இருந்தால் பத்தில் தொடங்குங்கள். உங்கள் நோயில் ஒருநாள் அதிகம் செய்துவிட்டு மூன்று நாள் படுக்கையில் கிடப்பதுதான் வழக்கமான விபத்து.

கணினி வேலை, கழுத்து வலி. அதற்கும் இப்படி ஆதாரம் இருக்கிறதா? (சென்னை)

இருக்கிறது, ஆனால் சுமார்தான் தம்பி. ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வில் சீகுங், சும்மா இருந்ததைவிட நன்றாக இருந்தது; சாதாரணக் கழுத்துப் பயிற்சியை விஞ்சவில்லை. முதியவர்களிடம் நடந்த இன்னொன்றில் சும்மா இருந்தவர்களைக்கூடத் தெளிவாக விஞ்சவில்லை. கழுத்துப் பயிற்சி பிடித்தால் அதையே செய்யுங்கள். மணிக்கொரு முறை எழுந்திருங்கள்.

பிராணாயாமம் தெரியும். அது போதாதா? (தஞ்சாவூர்)

போதும். வலியைப் பொறுத்தவரை இரண்டிலும் பயன்தருவது நிதானமான, நீண்ட வெளிமூச்சு என்பதே என் கணிப்பு. கபாலபாதி, பஸ்திரிகை போன்ற வேகமான முறைகளை மட்டும் வலி நேரத்தில் தவிர்த்துவிடுங்கள். இரத்த அழுத்தமோ இதய நோயோ இருந்தால் கும்பகமும், அதாவது மூச்சை அடக்குவதும், வேண்டாம்.

பயிற்சியின்போது தலை சுற்றுகிறது, விரல்கள் கூசுகின்றன. சக்தி பாய்கிறது என்கிறார் ஆசிரியர். (பெங்களூரு)

பெரும்பாலும் அளவுக்கு மீறி மூச்சு வாங்குகிறீர்கள். இரத்தத்தில் கரியமில வாயு குறைந்தால் இப்படித்தான் கூசும். ஆழமாக இழுப்பதை விடுங்கள். பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காத அளவு மெல்லிய மூச்சு போதும். அப்படியும் தொடர்ந்தால், அல்லது ஒரு கையில் மட்டும் மரத்துப்போனால், மருத்துவரிடம் காட்டுங்கள்.

தொலைவிலிருந்தே சக்தியை அனுப்பி வலியைப் போக்குவதாக ஒருவர் கட்டணம் கேட்கிறார். (பெயர் வேண்டாம் என்றவர்)

கொடுக்காதீர்கள். சீனாவிலேயே 1980களில் இந்தப் 'புறச் சக்தி' மோகம் தலைவிரித்து ஆடியது. அரங்கம் அரங்கமாக மக்கள் கூடினார்கள். நோயாளி தானே செய்வதுதான் இந்தப் பயிற்சியின் மதிப்பே. வேறொருவர் செய்து கொடுப்பது என்று ஆனதும் அது வியாபாரம்.

மனச்சிதைவுக்கு மாத்திரை சாப்பிடும் என் அண்ணன் முதுகு வலிக்கு இதைச் செய்யலாமா? (திருநெல்வேலி)

அவருடைய மனநல மருத்துவரின் சம்மதம் இல்லாமல் வேண்டாம். நீண்ட நேரத் தீவிர சீகுங்குக்குப் பிறகு சிலருக்கு மனக்குழப்பம் வந்ததைச் சீன மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் மனநோய்களை வகைப்படுத்தி வெளியிடும் நூலின் நான்காம் பதிப்பிலும் அது தனிப்பெயரில் இடம்பெற்றது. முதுகுக்கு நடையும் பிசியோதெரபியும் போதும்.

எத்தனை நாளில் மாத்திரையை நிறுத்தலாம்? (மூவர் கேட்டது)

நீங்களாக நிறுத்தக் கூடாது. நரம்பு வலி மாத்திரைகளையும் மனச்சோர்வு மாத்திரைகளையும் திடீரென விட்டால் உடல் திருப்பி அடிக்கும். எட்டு வாரம் செய்யுங்கள். வலி குறைந்திருந்தால் மாத்திரை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் போய், மெல்லக் குறைக்கலாமா என்று கேளுங்கள். எட்டு வாரத்தில் எதுவும் மாறவில்லை என்றால் தாராளமாக விட்டுவிடலாம்; எல்லோருக்கும் ஒத்துவராது. சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போவது, தொடையிடுக்கு மரத்துப்போவது, காரணமில்லாத எடைக் குறைவு, காய்ச்சலோடு முதுகு வலி: இவற்றில் ஒன்று வந்தாலும் எட்டு வாரம் காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

படுத்துச் செய்தால் பாதியில் தூங்கிவிடுகிறேன். (கும்பகோணம்)

வலியால் தூங்காதவர் என்று எழுதியிருக்கிறீர்கள். தூங்குங்கள். காலையில் உட்கார்ந்து ஒருமுறை செய்துகொள்ளலாம்.