ஒரே புரோகிராமர் உள்ள நிறுவனத்துக்கு எந்த கிளவுட்?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஜாப்-ஒர்க் யூனிட்டுகளுக்கு ஆர்டர், டெலிவரி சலான் கணக்கு வைக்கும் மென்பொருளை மாதச் சந்தாவில் கொடுக்கிறோம். மொத்தம் மூன்று பேர், புரோகிராமர் ஒருவர்தான். இப்போது ஒரு வாடகை சர்வரில் ஓடுகிறது. சர்வரைத் தானே பராமரித்து நம் மென்பொருளை ஓட்டித்தரும் ஹெரோக்கு என்ற கிளவுட் சேவைக்கு மாறிவிடலாம் என்கிறார் புரோகிராமர். விலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. இவ்வளவு கூடுதலாகக் கொடுப்பதில் அர்த்தம் உண்டா?

பதில்: மலைப்பு நியாயமானதே. ஹெரோக்குவில் மென்பொருளை ஓட்டும் ஒவ்வோர் அலகுக்கும் ‘டைனோ’ என்று பெயர். 1 ஜிபி நினைவகம் கொண்ட ஸ்டாண்டர்ட்-2எக்ஸ் டைனோவுக்கு விலைப்பட்டியல்படி மாதம் 50 டாலர். அதே 1 ஜிபி நினைவகத்துடன் டிஜிட்டல்ஓஷன் என்ற இன்னொரு கிளவுட் நிறுவனத்தில் ஒரு வெறும் சர்வர் மாதம் 6 டாலருக்குக் கிடைக்கிறது. எட்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். வெறும் நினைவகம்தான் வேண்டுமென்றால் ஹெரோக்குவே வேண்டாம் என்பேன்.

ஆனால் அந்த 6 டாலர் சர்வரில் அதன் இயங்குதளமான லினக்ஸின் பாதுகாப்புத் திருத்தங்களைப் போடுவது யார்? இணைப்பைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழைப் புதுப்பிப்பது, டிஸ்க் நிரம்புகிறதா என்று கவனிப்பது, டேட்டாபேஸை பேக்கப் எடுப்பது, எடுத்த பேக்கப் திரும்ப ஏறுகிறதா என்று சோதிப்பது எல்லாம் உங்கள் ஒரே புரோகிராமர்தான். அவர் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருக்கும் நாளில் டிஸ்க் நிரம்பினால் சலான் போட முடியாது. சரக்கு ஏற்றிய வண்டி உங்கள் வாடிக்கையாளரின் வாசலில் நிற்கும். ஹெரோக்கு போன்ற நிர்வகிக்கப்படும் தளங்கள் இந்தப் பொறுப்பில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கின்றன. புரோகிராமர் நிரலை ‘கிட்’ என்ற நிரல் பதிவுக் கருவி வழியே அனுப்பினால் போதும், மீதியைத் தளம் பார்த்துக்கொள்ளும். அவருடைய நேரத்தில் மாதம் இரண்டு நாள் சர்வர் பராமரிப்புக்குப் போகிறது என்றால், அந்த இரண்டு நாள் சம்பளத்தை 44 டாலருக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எனவே தளத்துக்கு மாறுவது சரி என்பதே என் கருத்து. ஹெரோக்குதான் அந்தத் தளமா என்பதில்தான் எனக்குத் தயக்கம்.

முதல் காரணம் தூரம். ஹெரோக்குவின் சாதாரணத் திட்டங்களில் அமெரிக்கா, ஐரோப்பா என இரண்டு இடங்கள்தான் உண்டு. மும்பை வேண்டுமென்றால் விலை கூடிய தனித் திட்டத்துக்குப் போக வேண்டும். அந்த விலை உங்களுக்குக் கட்டாது. அமெரிக்காவைத் தேர்ந்தெடுத்தால், திருப்பூரில் ஒருவர் ‘சேமி’ பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் கோரிக்கை கடல் கடந்து போய்த் திரும்ப வேண்டும். அதற்கே சுமார் கால் விநாடி ஆகும். நாளெல்லாம் சலான் போடுகிறவருக்கு இது உறுத்தும்.

இரண்டாவது, உங்கள் புரோகிராமரிடம் உடனே கேட்க வேண்டிய ஒன்று: வாடிக்கையாளர்கள் ஏற்றும் சாம்பிள் படங்களும் பில் பிடிஎஃப்களும் இப்போது எங்கே சேமிக்கப்படுகின்றன? சர்வரின் டிஸ்க்கிலேயே என்றால், மாறிய மறுநாளே சிக்கல். ஹெரோக்குவில் டைனோக்கள் நாளுக்கு ஒரு முறையாவது மறுதொடக்கம் ஆகும். அப்போது டிஸ்க்கில் எழுதிய கோப்புகள் அழிந்துவிடும். மாலையில் ஏற்றிய பனியன் படம் காலையில் இருக்காது. இப்படிப்பட்ட தளங்கள் பலவற்றிலும் இதே நிலைதான். கோப்புகளை அமேசான் எஸ்3 போன்ற தனிச் சேமிப்பகத்துக்கு மாற்ற வேண்டும். அதற்கான வேலையையும் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

மூன்றாவது, ஒரே தளத்தை நம்பியிருப்பது. 2007-இல் தொடங்கிய ஹெரோக்குவை 2010-இல் சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனம் வாங்குவதாக அறிவித்தது. பல்லாயிரம் புரோகிராமர்கள் பழகிய அதன் இலவசத் திட்டம் 2022 நவம்பரில் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் நிரல்களைச் சேமிக்கும் கிட்ஹப் தளத்துடன் அதை இணைக்கும் டோக்கன்கள், அதாவது கடவுச்சொல் போன்ற சாவிகள், திருடுபோயின. 2025 ஜூன் 10 அன்று சேவை பல மணி நேரம் முடங்கியபோது, நிலவரத்தைச் சொல்ல வேண்டிய அதன் பக்கமும் சேர்ந்தே முடங்கியது. அத்தகைய நாளில் உங்கள் புரோகிராமர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை. இது எந்தத் தளத்திலும் நடக்கலாம். பொறுப்பைக் கைமாற்றும்போது கட்டுப்பாடும் சேர்ந்தே கைமாறுகிறது.

ஹெரோக்குவுக்குச் சாதகமாக ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: பில் திடுக்கிட வைக்காது. ஒரு டைனோவுக்கு இவ்வளவு என்பதே கணக்கு. பயன்பாட்டுக்கேற்பக் கட்டணம் ஏறும் கூகுள் கிளவுடில் பட்ஜெட் எச்சரிக்கை வைத்தாலும், அது மின்னஞ்சல்தான் அனுப்பும். செலவைத் தானாக நிறுத்தாது.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது, பெங்களூரு அல்லது மும்பையில் இடம் உள்ள தளம். டிஜிட்டல்ஓஷனின் ஆப் பிளாட்ஃபார்ம் ஹெரோக்கு போன்ற தளம்தான், அது பெங்களூருவில் கிடைக்கிறது. டேட்டாபேஸ், எங்கும் ஓடக்கூடிய சாதாரண போஸ்ட்கிரெஸ் அல்லது மைஎஸ்கியூஎல் ஆகவே இருக்கட்டும். அந்தத் தளத்தில் மட்டுமே ஓடும் டேட்டாபேஸைத் தொடாதீர்கள். வாடிக்கையாளர்களை மாற்றும் முன் ஒரு சோதனை செய்யுங்கள்: புதிய தளத்திலிருந்து முழு டேட்டாபேஸையும் இறக்கி, அலுவலகக் கணினியில் ஏற்றி, போன மாதச் சலான் ஒன்றைத் திறந்து பாருங்கள். திறந்தால் நாளைக்கு வேறிடம் போகவும் வழி இருக்கிறது. திறக்காவிட்டால் அங்கே போகாதீர்கள்.

கேள்வி: வெளிநாட்டு நிறுவனத்துக்கு கார்டில் மாதாமாதம் பணம் போகுமா? ஜிஎஸ்டி உண்டா?

பதில்: 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, தானாகப் பிடிக்கப்படும் தொகைக்கு முன் அனுமதியும் முன்னறிவிப்பும் தேவை. ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்காமல் பிடிக்கக்கூடிய தொகையின் வரம்பு 2022 ஜூனில் 15,000 ரூபாயாக உயர்ந்தது. அதற்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி. இந்த ஏற்பாட்டில் சேராத வெளிநாட்டு நிறுவனம் பணம் எடுக்க முயன்றால் வங்கி மறுத்துவிடும். ஆகவே முன்பணம் கட்டிவைக்கும் வசதி உண்டா என்று முதலில் பாருங்கள். கார்டு வழியே டாலரில் கட்டினால் வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணமும் சேரும்.

ஜிஎஸ்டி 18 சதவீதம். உங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்து வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து வாங்கினால், ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நீங்களே கட்டி, உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆடிட்டரிடம் முன்பே சொல்லிவையுங்கள். கணக்கைத் தொடங்கும்போது புரோகிராமரின் சொந்த மின்னஞ்சலைக் கொடுக்காமல் நிறுவனத்தின் மின்னஞ்சலைக் கொடுங்கள். உங்கள் இணைய முகவரியான டொமைன் பெயரும் நிறுவனத்தின் பேரிலேயே இருக்க வேண்டும்.