150 பிஎஸ்ஐ என்ற எண்ணை நம்பி கம்ப்ரஸர் வாங்காதீர்கள்

கேள்வி: என்னிடம் ஒரு சிறிய காரும் ஒரு மோட்டார் சைக்கிளும் இருக்கின்றன. இரவில் தனியாகப் போகும்போது டயரில் காற்று இறங்கிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் எப்போதும் உண்டு. கையடக்க ஏர் கம்ப்ரஸர் ஒன்று வாங்கலாம் என்று கடைக்குப் போனேன். ஒன்று பேட்டரியில் ஓடுவது. 150 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), 6000 எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவு) என்று போட்டிருக்கிறது. இன்னொன்று காரின் லைட்டர் சாக்கெட்டில் செருகுவது. அதில் 100 பிஎஸ்ஐதான். முதலாவதுக்குத்தான் சக்தி அதிகம் என்கிறார் கடைக்காரர். எதை வாங்குவது?

பதில்: சாக்கெட்டில் செருகுவதையே வாங்குங்கள். நீங்கள் தேடுவது அவசரத்துக்கு உதவும் பொருள். அந்த அவசரம் பல மாதங்களுக்கு ஒருமுறைதான் வரும். அதுவரை டிக்கியில் கிடக்கும் பேட்டரி கம்ப்ரஸரில் சார்ஜ் தானாகவே இறங்கிக்கொண்டிருக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் ஏறும் சூடு லித்தியம் பேட்டரியின் ஆயுளையும் குறைக்கும். கடைசியில், தேவைப்படும் இரவில் அது கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடும். கார் பேட்டரியில் இந்தக் கவலை இல்லை. வண்டி தினமும் ஓடுகிறது என்றால் அதில் மின்சாரம் இருக்கிறது.

சரி, கடைக்காரர் சொன்ன சக்திக்கு வருவோம். பெரும்பாலான சிறிய கார்களின் டயருக்கு வேண்டியது 30 முதல் 35 பிஎஸ்ஐ. 100 பிஎஸ்ஐ எட்டும் இயந்திரமே தேவையைப் போல மூன்று மடங்கு தாங்கும். அதற்கு மேல் 150 இருந்து உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. சொல்லப்போனால், உள்ளே காற்றைத் தள்ளும் பிஸ்டனைச் சின்னதாக்கினால் சிறு மோட்டாரை வைத்தே உச்ச அழுத்தத்தை ஏற்றிக் காட்டிவிடலாம். அப்போது ஒவ்வொரு அடிக்கும் உள்ளே போகும் காற்று குறைந்துவிடும். பெட்டியில் எண் பெரிதாகத் தெரியும், டயர் மட்டும் நிறையாது. இந்த ஒரு எண்ணை வைத்து நடக்கும் வியாபாரத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

பார்க்க வேண்டியது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று அடிக்கிறது என்பதை. சிறிய கார் டயர் ஒன்றின் உட்கொள்ளளவு சுமார் 30 லிட்டர். 20 பிஎஸ்ஐக்கு இறங்கிய டயரை 32-க்கு ஏற்ற, வெளிக்காற்று ஏறக்குறைய 25 லிட்டர் வேண்டும். முழுதாக இறங்கியதை ஏற்ற 65 லிட்டர். நிமிடத்துக்கு 15 லிட்டர் தரும் இயந்திரம் இதற்கு நான்கு நிமிடத்துக்கு மேல் எடுக்கும்; 30 லிட்டர் தருவது இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் முடித்துவிடும். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு பெரும்பாலும் குழாயை எதிலும் மாட்டாமல், வெறும் வெளியில் அடித்து எடுத்தது. டயருக்குள் அழுத்தம் ஏற ஏற அந்த அளவு குறைந்துகொண்டே வரும். '30 பிஎஸ்ஐயில் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர்' என்று ஒரே ஒரு வரியை எல்லாப் பெட்டியிலும் அச்சிட வைத்தால் இந்தக் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். அதை ஏன் யாரும் செய்வதில்லை என்பது எனக்குப் புரியவில்லை.

அதுவரை உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. இயந்திரத்தின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டில் ஆம்பியர் எவ்வளவு என்று பாருங்கள். எடுக்கும் மின்சாரத்துக்கு மேல் எந்த இயந்திரமும் வேலை செய்யாது. 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் என்றால் 60 வாட். 10 ஆம்பியர் என்றால் 120 வாட். விளம்பரத்தில் எதை எழுதினாலும், 60 வாட்டில் ஓடுவது மெதுவாகத்தான் அடிக்கும். உங்கள் கார் லைட்டர் சாக்கெட்டின் மூடியைத் திறந்து பாருங்கள், பல கார்களில் அங்கேயே 120 வாட் என்று எழுதியிருக்கும். எழுதவில்லை என்றால் ஃப்யூஸ் பெட்டி மூடியில் அந்தச் சாக்கெட்டுக்கான அளவு இருக்கும். 120 வாட் என்றால் 10 ஆம்பியருக்கு உட்பட்ட கம்ப்ரஸராக வாங்குங்கள். அதைவிடப் பெரியது வாங்கி, ஃப்யூஸ் போனதும் மெக்கானிக் ஒருவர் "கூடுதல் ஆம்பியர் ஃப்யூஸ் போட்டுத் தருகிறேன்" என்பார். வேண்டாம். ஃப்யூஸ் தாங்கினாலும் அதற்குப் பின்னால் இருக்கும் கம்பி தாங்காது. தீ பிடிப்பது அங்கேதான்.

அந்த 6000 எம்ஏஎச் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு லித்தியம் செல் 3.7 வோல்ட். 2000 எம்ஏஎச் செல் மூன்றை வரிசையாக இணைத்தால் 11.1 வோல்ட் கிடைக்கும், ஆனால் கொள்ளளவு அதே 2000 எம்ஏஎச்தான். மூன்றையும் கூட்டி 6000 என்று பலர் அச்சிடுவார்கள். அப்படியென்றால் உண்மையில் உள்ளே இருக்கும் ஆற்றல் 22 வாட்-அவர். 100 வாட்டில் ஓடினால் 13 நிமிடம் வரும், அதுவும் பேட்டரி புதிதாக இருக்கும்போது. சிறிய காரில் இருக்கும் 35 ஆம்பியர்-அவர் பேட்டரியில் 420 வாட்-அவர் இருக்கிறது. காற்று அடிக்கும்போது என்ஜினை ஓடவிட்டால் அதுவும் குறையாது. ஆனால் மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

அடுத்தது, புதிய கார் எடுக்கும்போதோ டயர் மாற்றும்போதோ 'பாதுகாப்புப் பெட்டி' என்று ஒன்றை உங்கள் பில்லில் சேர்ப்பவர்கள். அதில் ஒரு கம்ப்ரஸர், ஒரு டார்ச், பஞ்சர் ஒட்டும் பொருட்கள் என்று இருக்கும். ஒரே தொழிற்சாலையில் செய்த ஒரே இயந்திரம் பல பெயர் ஒட்டி, பல விலைக்குப் போகிறது. பெயரை விடுங்கள். ஆம்பியர் எத்தனை, சிலிண்டர் உலோகமா, தொடர்ந்து எத்தனை நிமிடம் ஓட்டலாம் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பில்லிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். நைட்ரஜன் அடித்த டயரில் சாதாரணக் காற்றைக் கலக்கக்கூடாது என்று பயமுறுத்துபவர்களும் இதே கூட்டம்தான். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன். தயங்காமல் அடியுங்கள்.

தொடர்ந்து ஓட்டும் நேரம் என்று சொன்னேனே, அது முக்கியம். கையேட்டில் 10 நிமிடம் ஓட்டி 10 நிமிடம் ஆறவிடு என்று இருந்தால் அப்படியே செய்யுங்கள். சின்ன கம்ப்ரஸர் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த ஓய்வைக் கொடுக்காததால்தான். ஓடி முடித்த இயந்திரத்தின் குழாய் முனை நன்றாகச் சுடும்; துணியால் பிடித்துக் கழற்றுங்கள். வயர் பின் டயர் வரை எட்டுகிறதா என்று கடையிலேயே விரித்துப் பார்த்துவிடுங்கள். வைத்த அழுத்தம் வந்ததும் தானாக நிற்கும் வசதி இருந்தால் நல்லது. ஆனால் ஓடும்போது அது காட்டும் எண்ணை நம்ப வேண்டாம், கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். நிறுத்திவிட்டுப் படியுங்கள். அழுத்தத்தை அளக்கத் தனியாக ஒரு சின்ன கேஜ் வைத்திருந்தால் இன்னும் நல்லது.

எவ்வளவு அடிப்பது? ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் உள்ளதுதான் அளவு. டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்சம், அதுவரை அடிக்காதீர்கள். டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். வெப்பம் 5 அல்லது 6 டிகிரி செல்சியஸ் ஏறினால் அழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ ஏறும். ஒரு ஸ்டிக்கரில் பார், இன்னொன்றில் கிலோபாஸ்கல், கேஜில் பிஎஸ்ஐ என்று மூன்று அளவுகளில் எழுதி மக்களை அலைக்கழிக்கிறார்கள். 1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ, 100 கிலோபாஸ்கலும் அதேதான்.

இதில் ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் தடுமாறுவது இதில்தான். உங்கள் காரின் ஸ்டெப்னி மற்ற நான்கு டயர்களைவிட ஒல்லியாக இருக்கிறதா? அப்படியென்றால் அது தற்காலிக ஸ்டெப்னி. அதற்கு 33 போதாது. பொதுவாக 60 பிஎஸ்ஐ, அதாவது 4.2 பார். அதன் மேலேயே எழுதியிருக்கும். அகலம் குறைந்த டயர் காரின் எடையைத் தாங்க வேண்டுமானால் உள்ளே அழுத்தம் கூடுதலாக இருந்தே ஆகவேண்டும். ஆனால் கம்ப்ரஸரில் 'கார்' என்று படம் போட்ட பொத்தானை அழுத்தினால் அது 35 அல்லது அதற்கு அருகில் நின்றுவிடும். நீங்களும் நிறைந்துவிட்டது என்று மாட்டிக்கொண்டு போவீர்கள். அந்தப் பொத்தானை விட்டுவிட்டு 60 என்று நீங்களே வைத்து அடியுங்கள். இன்னும் மோசம், சரியாக 60 இருப்பதைப் பார்த்து 'ரொம்ப அதிகம்' என்று காற்றைத் திறந்துவிடுபவர்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வேகமும் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. அதுவும் அந்தச் சக்கரத்திலேயே எழுதியிருக்கும். மற்ற டயர்களின் அளவிலேயே இருக்கும் முழு ஸ்டெப்னிக்கு இது எதுவும் பொருந்தாது. இன்றைக்கே போய் உங்களுடையது எந்த வகை என்று பாருங்கள். டிக்கியின் அடியில் கிடப்பதால் அந்தச் சக்கரத்துக்குக் காற்று பார்க்கவே மறந்துவிடுகிறோம். சில நிறுவனங்கள் ஸ்டெப்னியையே எடுத்துவிட்டு, பஞ்சரை அடைக்கும் பசை ஒரு குப்பியும் சின்ன கம்ப்ரஸரும் வைத்து அனுப்புகின்றன. அந்தக் குப்பிக்குக் காலாவதி தேதி உண்டு என்று வாங்குபவரிடம் வாய்திறந்து சொல்வதற்குக்கூட ஆளில்லை.

உங்கள் இரவுப் பயத்துக்கு நேரான பதில் இது. கம்ப்ரஸர் பஞ்சரை அடைக்காது, கொஞ்சம் நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான். டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறியிருந்தால் அதைப் பிடுங்காமல் காற்று அடித்து, மெதுவாகப் பக்கத்துக் கடை வரை போங்கள். இடையில் ஒருமுறை நிறுத்தி அழுத்தத்தைப் பாருங்கள். பக்கச்சுவர் கிழிந்திருந்தாலோ, டயர் விளிம்பை விட்டுக் கழன்றிருந்தாலோ, காற்றில்லாமல் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தாலோ கம்ப்ரஸரை எடுக்கவே வேண்டாம். ஸ்டெப்னியை மாட்டுங்கள், இல்லாவிட்டால் வண்டியை இழுக்க ஆளைக் கூப்பிடுங்கள்.

மோட்டார் சைக்கிளுக்குத் தனியாக இன்னொரு கம்ப்ரஸர் வாங்கத் தேவையில்லை. வீட்டில் காரின் பக்கத்தில் நிறுத்தி இதே இயந்திரத்தால் அடிக்கலாம். வழியில் தேவைப்பட்டால் காலால் மிதிக்கும் பம்ப் ஒன்று போதும். கார் டயரோடு பார்த்தால் அந்த டயருக்குள் போகும் காற்று மிகக் குறைவு, சில நிமிடம் மிதித்தால் நிறைந்துவிடும். மோட்டார் சைக்கிளின் சின்ன பேட்டரியில் 10 ஆம்பியர் இழுக்கும் கம்ப்ரஸரை மாட்டினால், டயரில் காற்று இருக்கும், வண்டி ஸ்டார்ட் ஆகாது.