நீலக் குப்பித் தண்ணீரில் என்ன இருக்கிறது? நிற சிகிச்சை: கேள்வி – பதில்

கேள்வி: நீலக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் ஊற்றி எட்டு மணி நேரம் வெயிலில் வைத்துக் குடித்தால் படபடப்பு அடங்கும் என்றார்கள். ஒரு மாதமாகக் குடிக்கிறேன். அந்தத் தண்ணீரில் என்னதான் மாறுகிறது?

சூடாகிறது, அவ்வளவுதான். நீலக் கண்ணாடி மற்ற நிறங்களை உறிஞ்சிக்கொண்டு நீலத்தை உள்ளே விடும். அந்த ஒளி தண்ணீரைக் கடந்து மறுபக்கமாகப் போய்விடும், உள்ளே தங்காது. குப்பியை நிழலுக்குக் கொண்டுவந்த பிறகு கையில் இருப்பது வெதுவெதுப்பான தண்ணீர்தான்.

இந்த வழக்கத்துக்கு வயது அதிகம். 1876-இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் பிளசன்டன் நீல ஒளியின் மகிமை பற்றிப் புத்தகம் போட்டார். ஊரெல்லாம் ஜன்னலுக்கு நீலக் கண்ணாடி மாட்டியது. இரண்டு வருடம் கழித்து எட்வின் பாபிட், நிறக் குப்பியில் வைத்துத் தண்ணீருக்குள் நிறத்தின் சக்தியை 'ஏற்றுவது' வரை கொண்டுபோனார். யாருமே அந்தத் தண்ணீரில் ஒரு மாற்றத்தை அளந்து காட்டவில்லை.

வெயிலில் வைத்துத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் முறை ஒன்று நிஜமாகவே உண்டு: சோடிஸ். அதற்கு வேண்டியது நிறமே இல்லாத பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டில், 2 லிட்டருக்குள். பாட்டிலை அச்சடித்த தலைப்பு எழுத்தின் மேல் நிறுத்தி, வாய் வழியாகப் பார்த்தால் எழுத்து படிக்க வர வேண்டும். வராவிட்டால் கலங்கல் அதிகம், வடிகட்டுங்கள். நல்ல வெயிலில் 6 மணி நேரம், வானம் மூடியிருந்தால் 2 நாள். கிருமியைக் கொல்வது புற ஊதா-ஏ கதிரும் வெப்பமும். நிறக் கண்ணாடி அந்தக் கதிரைக் குறைத்துவிடலாம். ஆக, நீலக் குப்பியில் கிருமி சாகாமல் வெதுவெதுப்பு மட்டும் மிஞ்சலாம். அது கிருமிக்குத்தான் கொண்டாட்டம். விட மனமில்லை என்றால் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை ஊற்றுங்கள்.

தினமும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து நிதானமாகத் தண்ணீர் குடிப்பதே கொஞ்சம் அமைதி தரும். ஆனால் ஒரு மாதமாகப் படபடப்பு என்றால் தைராய்டு, ரத்தசோகை, இதயத் துடிப்பு மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: மகளுக்குக் குழந்தை பிறந்து நான்கு நாள். உடம்பு மஞ்சளாக இருக்கிறது. மருத்துவமனையில் நீல விளக்கில்தானே வைக்கிறார்கள்? வீட்டில் நீல பல்பு போட்டால் போதாதா?

போதாது. ஒளியே மருந்தாக வேலை செய்யும் இடம் இது; அதனாலேயே அளவு தப்பக்கூடாது. மஞ்சள் நிறத்தைத் தருவது பிலிருபின் என்ற பொருள். தோலுக்கடியில் இருக்கும் அதை 460 முதல் 490 நானோமீட்டர் வரையான ஒளி, நீரில் கரையும் வடிவத்துக்கு மாற்றுகிறது. பிறகு அது பித்தத்திலும் சிறுநீரிலும் வெளியேறுகிறது. தீவிர சிகிச்சையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு, ஒரு நானோமீட்டருக்குக் குறைந்தது 30 மைக்ரோவாட் தோலில் விழ வேண்டும். அதைக் கருவி வைத்து அளப்பார்கள். அலங்கார பல்பில் நீலம் இருக்கும், இந்தச் செறிவு இருக்காது. கண்ணை மறைத்து, டயபரை மட்டும் விட்டு, பாலூட்டலையும் எடையையும் உடல் சூட்டையும் கவனிப்பதும் சிகிச்சையில் சேர்த்திதான்.

வீட்டுச் சோதனையில் இன்னொரு வில்லங்கம்: ஒளி பட்ட தோல் முதலில் வெளுத்துவிடும். மஞ்சள் போய்விட்டதென்று நினைப்பீர்கள். ரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டிருக்கலாம். கண்ணால் கணிக்காமல் இன்றே பிலிருபின் பார்த்துவிடுங்கள். பிறந்த முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவினாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டு தூங்கினாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

கேள்வி: நீலம் மனதை அமைதிப்படுத்தும் என்று படுக்கையறை முழுக்க நீலம் அடித்தோம். உள்ளே போனாலே ஏதோ அழுத்துகிறது. தப்பு எங்கே?

பெயரை நம்பி அடித்ததில். மனதைத் தொடுவதில் நீலமா பச்சையா என்பதைவிட, எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு வெளிச்சம் என்பதுதான் பெரிது. அடர்நீலமும் வெளிர்நீலமும் பெயரில்தான் உறவு. அட்டையில் விரலளவு பார்த்த நிறம் நான்கு சுவரிலும் ஏறியதும் ஒன்றின் மேல் ஒன்று பிரதிபலித்து இன்னும் அடர்த்தியாகும். எல்லோரும் சறுக்கும் இடம் இது.

மறுபடி அடிக்கும் முன் 60 சென்டிமீட்டர் சதுரப் பலகை ஒன்றில் இரண்டு பூச்சு அடித்து, ஒரு நாள் காய விடுங்கள். ஜன்னலை ஒட்டிய சுவரில் ஒரு முறை, எதிர்ச் சுவரில் ஒரு முறை சாய்த்து, காலை, மதியம், இரவில் விளக்கு போட்டு என மூன்று வேளை பாருங்கள். பிடித்த நிறத்துக்கு ஒன்றிரண்டு படி வெளிர்ந்ததை வாங்குங்கள்.

அதற்கும் முன்னால் பல்பை மாற்றிப் பாருங்கள், செலவு குறைவு. உறையில் இருக்கும் கெல்வின் எண் ஒளியின் சாயலைச் சொல்லும்: எண் கூடினால் நீலம் தட்டும், குறைந்தால் மஞ்சள் தட்டும். 6500 கெல்வின் வெள்ளை பல்பு நீலச் சுவரை ஐஸ் பெட்டி போலக் காட்டும். 2700 கெல்வின், நிறத் துல்லியக் குறியீடு (CRI) 90-க்கு மேல் உள்ள பல்பு இரவுக்கு ஏற்றது. நீலம் சற்றுச் சாம்பல் தட்டும், பரவாயில்லை.

இளஞ்சிவப்பு அடித்தால் கோபம் தணியும் என்று யாராவது சொன்னால்: 1979-இல் அமெரிக்கச் சிறை அறையில் எட்டுப் பங்கு வெள்ளைக்கு ஒரு பங்கு சிவப்பு கலந்து அடித்துப் பார்த்ததில் கிளம்பிய பேச்சு அது. பிறகு கட்டுப்பாட்டோடு செய்த சோதனையில் அந்த விளைவு கிடைக்கவில்லை.

கேள்வி: வெயில் குறைந்த மாதங்களில் மனம் சுருண்டுவிடுகிறது. உற்சாகத்துக்கு ஆரஞ்சு என்பதால் மேசை விளக்கில் ஆரஞ்சுத் தாள் ஒட்டியிருக்கிறேன். சரிதானா?

தாளைக் கிழித்துவிடுங்கள். கண்ணுக்குள் உடல் கடிகாரத்தைத் திருப்பி வைக்கும் செல்களில் மெலனாப்சின் என்ற நிறமி இருக்கிறது. அது அதிகம் விழிப்பது 480 நானோமீட்டருக்கு அருகே, அதாவது நீலத்துக்கு. ஆரஞ்சுத் தாள் சரியாக அதைத்தான் வடிகட்டுகிறது.

பருவ மனச்சோர்வுக்குப் பயன்படுவது வெள்ளை ஒளி: 10,000 லக்ஸ் (வெளிச்ச அளவு), எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், 30 நிமிடம். இதற்கென்றே விற்கும் விளக்குப் பெட்டியில் புற ஊதா வடிகட்டி உள்ளதாக இருக்கட்டும். அந்த 10,000 எத்தனை சென்டிமீட்டர் தூரத்தில் என்பதை உறையில் பாருங்கள். பெரும்பாலும் 30 முதல் 60-க்குள் இருக்கும். தள்ளி வைத்தால் அளவு மளமளவென்று இறங்கும். பலன் இல்லை என்று கைவிடுகிறவர்களில் பலர் விளக்கை மேசையின் மறு கோடியில் வைத்திருப்பார்கள். விளக்கை முறைக்க வேண்டாம், முகத்தில் பட்டால் போதும். மாலையில் போட்டால் தூக்கம் கெடும். விழித்திரைக் கோளாறு, இருதுருவ மனநோய் உள்ளவர்களும் டாக்ஸிசைக்ளின் போல ஒளி பட்டால் தோலைப் பாதிக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது.

கேள்வி: நிறக்குருடு உள்ளவருக்கு இதெல்லாம் பலிக்குமா?

விளக்குப் பெட்டி பலிக்கும். மெலனாப்சின் செல்கள் நிறம் பிரிக்கும் செல்களிலிருந்து வேறு. சுவர் நிறத்தை அவர் கண்ணுக்கு எது பிடிக்கிறதோ அப்படி அடியுங்கள்.

கேள்வி: நிறங்கள் மின்னி மின்னி மாறும் தியானச் செயலியைப் பிள்ளைகளும் பார்க்கலாமா?

மெதுவாகக் கரைந்து மாறினால் பார்க்கட்டும். விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் வெட்டி வெட்டி மின்னினால் வேண்டாம், அதிலும் சிவப்பு கூடவே கூடாது. 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் விநாடிக்குச் சுமார் 12 முறை மின்னிய காட்சியைப் பார்த்து நூற்றுக்கணக்கான பிள்ளைகள் மருத்துவமனைக்குப் போனார்கள். அவர்களில் பலருக்கு அதற்கு முன் வலிப்பு வந்ததே இல்லை. பார்க்கும்போது பிள்ளை வெறித்துப் பார்த்தாலோ கை கால் வெட்டினாலோ உடனே ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுக்கப் பொத்தி, திரையை விட்டுத் திருப்புங்கள். இரண்டு கண்ணையும் மூடச் சொன்னால் இமை வழியாகவும் மின்னல் புகும்.